மஞ்சள் தொப்பி கட்டிய சைக்கிள்

ஹில்லி ஹோவிங்குக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ரோல்டெ ஊரைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளுக்கு முப்பது ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொண்டுபோனவள் அவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவளுடைய கால்கள் ஓய்வு பெற மறுத்துவிட்டன. பிறந்தநாள் வீடுகளில் எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு அமர்ந்து கேக் தின்னும்போது, இவள் மட்டும் காப்பிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பாள். "உக்காரேன் ஹில்லி, பாக்கிற எங்களுக்குக் கால் வலிக்குது" என்று யாராவது சொல்வார்கள். அவளும் உட்காருவாள், அடுத்த கோப்பை காலியாகும் வரை.

அவளுடைய கணவன் லாமர்ட் இதற்கு நேர்மாறு. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரியை ஓட்டியவன். நெடிய உருவம், நிதானமான பேச்சு. ஹில்லி மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கும்போதுதான் முதல் செய்திக்கு அவன் தலையசைப்பான். இந்த இருவரையும் சேர்த்து வைத்திருப்பது எது என்று கேட்டால், ஊரார் ஜூலை மாதத்தைச் சொல்வார்கள். அம்மாதத்தில் நடக்கும் நான்கு நாள் சைக்கிள் பயணத்தைக் கல்யாணமான ஆண்டிலிருந்து அவர்கள் தவறவிட்டதில்லை. அது போட்டி அல்ல, முந்துகிறவருக்குப் பரிசும் இல்லை. அம்புக்குறி காட்டும் வழியே காட்டையும் வயலையும் கடந்து, இடையிலுள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, மாலையில் புறப்பட்ட திடலுக்கே திரும்பி வரவேண்டும். கடைசி நாளில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பதக்கம் கிடைக்கும். மகள் ரூலின் பிறந்த கோடையில் மட்டும் ஹில்லி போகவில்லை. அந்த ஆண்டு லாமர்ட் தனியாகப் போய்ப் பதக்கம் வாங்கி வந்ததை அவள் இன்றுவரை மன்னிக்கவுமில்லை.

இரண்டு குளிர்காலங்களாக லாமர்ட்டின் நினைவு கசியத் தொடங்கியிருந்தது. ரொட்டி வாங்கப் போனவன், என்றோ விட்டுவந்த பால் ஆலையின் வாசலில் சைக்கிளோடு நின்றான். "என் வண்டி எங்கே?" என்று காவலாளியைக் கேட்டிருக்கிறான். செய்தி கேட்டு ஸ்வோலெ நகரிலிருந்து ரூலின் ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாவோட சைக்கிளை நான் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போயி? அந்த மனுஷன் ஜன்னலோரம் உக்காந்து புறா எண்ணணுமா?"

"ஏதாவது லாரியில அடிபடுறதுக்கு அது தேவலை."

"நான் கூடவே இருக்கேன்ல?"

"நீ வீட்டுல இருந்தப்பதான் அவர் ஆலைக்குப் போனார்."

 வாதத்தில் தோற்கும்போது பேரம் பேசுவது ஹில்லியின் வழக்கம்.

"ஜூலையில அந்த நாலு நாள் ஓட்டட்டும். ஒரே ஒரு தடவை தொலைஞ்சாலும் நீ வந்து சைக்கிளை எடுத்துக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"என்னைக்காவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

"பொய் சொன்னதில்லை. வாயைத் திறக்காம இருந்ததும் இல்லை. அதான் கேட்டேன்."

ஆகவே அந்த ஜூலையில் ஹில்லி பயணம் செய்தாள் என்று சொல்வதைவிடக் காவல் காத்தாள் என்று சொல்வதே பொருந்தும். ஒவ்வோர் ஆண்டும் முன்னால் பறந்துகொண்டிருந்தவள், இம்முறை லாமர்ட்டின் பின்னால் ஊர்ந்தாள். அவளுடையது பேட்டரி சைக்கிள். அவனுடையதோ பின்சக்கர மட்கார்டு கடகடவென்று ஆடும் பழைய வண்டி. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள். இப்போது அந்தக் கடகடப்பையே பிடித்துக்கொண்டு போனாள். தானிய வயல்கள் பழுத்திருந்ததும், போகிறவர்கள் தட்டிச் செல்லட்டும் என்று ஊர் எல்லைகளில் குழந்தைகள் கை நீட்டி நின்றதும், பித்தளை வாத்தியக்காரர்கள் முழங்கியதும் அவள் கண்ணில் படவில்லை. ஒரு மஞ்சள் தொப்பியும் அதன்கீழ் ஒரு நெடிய முதுகும் மட்டுமே பட்டன. முதல் இரண்டு நாள்களும் பழுதின்றிக் கழிந்தன. ஆனால் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை, காப்பிக்காக எல்லாரும் ஒரு பால் பண்ணையில் இறங்கினார்கள். முற்றத்தின் வேலி நெடுகச் சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. பாதிக்குமேல் ஹில்லியுடையதைப் போலவே வெள்ளிச் சாம்பல் நிறம்; ஒரே கறுப்புப் பை; சாவிகூடப் பூட்டிலேயே தொங்கியது. அங்கே யாரும் அதை எடுத்துவைப்பதில்லை. ஹில்லி லாமர்ட்டை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இங்கேயே இரு. நகராதே."

"எங்கே போகப்போறேன்? மூணு நாளா நீதான் என் கழுத்துல கயிறு கட்டி மேய்ச்சுக்கிட்டு இருக்கியே."

காப்பியும் வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பெஞ்சு காலியாக இருந்தது.

அவளுடைய கால்கள் அவளைக் கேட்கவில்லை. தட்டைப் பெஞ்சில் போட்டாள், காப்பி சிந்தியது, வேலிக்கு ஓடினாள், கைக்குக் கிடைத்த வெள்ளிச் சாம்பல் சைக்கிளில் ஏறி மிதித்தாள். சீட்டு உயரமாக இருந்ததைப் பதற்றத்தின் கணக்கில் எழுதினாள். மணி வேறு விதமாக ஒலித்ததைக் காதில் வாங்கவில்லை. அம்புக்குறி காட்டிய வழியே பைன் காட்டுக்குள் பறந்தாள்.

"நெட்டையா ஒருத்தர் போனாரா? மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டு?" என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டாள்.

"அம்மா, தொப்பி பயணத்தை நடத்துறவங்களே குடுத்தது. நாங்க எல்லாருமே மஞ்சள் தொப்பிதான்" என்றார் ஒருவர். அவரும் நெட்டையாகவே இருந்தார்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. ரூலின் லாமர்ட்டின் சைக்கிளைக் காரில் ஏற்றுவதும், அவன் ஜன்னலோரம் நின்று அதைப் பார்ப்பதும் கண்முன் வந்து வந்து போயின. காட்டுக்குள் வழி இரண்டாகப் பிரிந்தது. திசை எழுதிய காளான் வடிவக் குட்டைக் கல்லின் அருகே இறங்கினாள். மகளை அழைத்துவிடலாமா? வேண்டாமா? தொலைபேசியை எடுக்க ஹாண்டில்பாரிலிருந்த பையைத் திறந்தாள். உள்ளே நாய் பிஸ்கட் ஒரு பொட்டலம் இருந்தது. யாருடையதோ ஒரு மூக்குக்கண்ணாடி. பாதி கடித்த ஆப்பிள்.

ஹில்லியிடம் நாய் கிடையாது.

அவள் சைக்கிளைவிட்டு இரண்டடி விலகி நின்று அதைப் பார்த்தாள். முப்பது ஆண்டு தபால் வேலையில் ஒரு கடிதம்கூட வீடு மாற்றிப் போடாதவள், ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வண்டியோடு நடுக்காட்டில் நின்றாள்.

பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆரஞ்சு மேலங்கி அணிந்த வழிக்காவலர் ஒருவர் வந்து நிறுத்தினார்.

"மோய்" என்று அந்தப் பக்கத்து வணக்கத்தைச் சொன்னார். "நீங்கதானே ஹில்லி ஹோவிங்?"

"என் புருஷன் கிடைச்சிட்டாரா?"

"அவர் தொலையவே இல்லையே. உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

பண்ணைக்குத் திரும்பியபோது, முற்றத்தின் நடுவே அகன்ற தோள்களோடு ஒரு பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஃபென்னா என்று பெயர். காலடியில் ஒரு நாய். பக்கத்தில் லாமர்ட், ஹில்லியின் சைக்கிளை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றான்.

"வாங்க, வாங்க. திருடினது திருடினீங்க, பேட்டரியாவது மிச்சம் வச்சீங்களா?" என்றாள் ஃபென்னா.

"மன்னிச்சுக்குங்க. இவரைக் காணோம்னு பதறிட்டேன்."

"காணோம்னா, முதல்ல அவர் சைக்கிள் இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?"

ஹில்லி வேலியைப் பார்த்தாள். லாமர்ட்டின் பழைய வண்டி சாய்த்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கொட்டகைக்குப் பின்னால பால் லாரி வந்துச்சு. டிரைவரோட ரெண்டு வார்த்தை பேசப் போனேன். திரும்பி வந்தா இந்தம்மா சைக்கிளைக் காணோம்னு கத்துறாங்க, உன் சைக்கிள் நிக்குது, நீ இல்லை. இது என் பொண்டாட்டி வேலைதான்னு சொல்லிட்டேன்" என்றான் லாமர்ட்.

"அதுல எல்லாம் கெட்டிக்காரர்தான்" என்று ஃபென்னா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வீடு எங்கேன்னு வழிக்காவலர் கேட்டப்ப ரொம்ப நேரம் ஷூவையே பாத்தார். அப்புறம் எக்ஸ்லோ பக்கம் ஏதோ ஒரு தெருவைச் சொன்னார்."

எக்ஸ்லோவில் இருந்தது லாமர்ட் பிறந்த வீடு. அது இடிக்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

அன்று மாலை, திடலோரம் அவர்கள் தங்கியிருந்த கேரவன் வண்டியின் வாசலில் நின்றபடி ஹில்லி மகளை அழைத்தாள்.

"என்னம்மா, அப்பா தொலைஞ்சாரா?"

"இல்லை. நான்தான் தொலைஞ்சேன்." நடந்ததைச் சொன்னாள். ரூலின் முதலில் நம்பவில்லை. பிறகு தொலைபேசி அதிரும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பேச்சை முடித்திருக்கலாம். ஹில்லி நான்கடி முன்னும் பின்னும் நடந்தாள்.

"இன்னொண்ணு. வீட்டு விலாசம் கேட்டிருக்காங்க. உங்கப்பா எக்ஸ்லோ வீட்டைச் சொல்லியிருக்கார்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "நாளைக்கு வர்றேன்" என்றாள் ரூலின்.

நான்காம் நாள் காலை, லாமர்ட் தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றி ஹில்லியின் ஹாண்டில்பாரில் இறுக்கிக் கட்டினான். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நீ மறுபடியும் மாத்திடுவே" என்றான். வெறுந்தலையோடு புறப்பட்டான்.

கடைசிச் சாவடியில் ரூலின் காத்திருந்தாள். அவளுடைய காரின் பின்புறம் சைக்கிள் ஏற்றும் இரும்புச் சட்டம் பூட்டப்பட்டிருந்தது. அதை ஹில்லி முதலில் பார்த்தாள். மகளைப் பிறகுதான் பார்த்தாள். லாமர்ட் அந்தப் பக்கத்து வழக்கப்படி மகளின் கன்னங்களில் மூன்று முத்தம் கொடுத்தான். "காப்பி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கூட்டத்துக்குள் நடந்தான்.

பெஞ்சில் ஹில்லியின் அருகே அமர்ந்த ரூலின் உடனே எழுந்தாள்.

"இரு" என்றாள் ஹில்லி.

"அம்மா, அவர் கடைப் பக்கமே போகலை."

"தெரியும். இருன்னா இரு."

மகளின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தவளுக்குத் தன்னை உட்காரவைப்பது எளிதாக இல்லை. ஹில்லியின் முழங்கால்கள் தாமாக எழ முயன்றன. மற்றொரு கையால் அவற்றை அழுத்திக்கொண்டாள். காப்பி வரிசை நகர்ந்தது. அதில் லாமர்ட் இல்லை. பித்தளை வாத்தியம் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கியது. அவள் ஒருமுறை எழுந்தாள். இம்முறை ரூலின் அவளைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பாராமல் சைக்கிள் வரிசையையே பார்த்தார்கள். அவனுடைய பழைய வண்டி இருந்த இடத்தில்தான் இருந்தது.

வரிசையின் மறுகோடியிலிருந்து ஒரு வெறுந்தலை வந்தது. கையில் காப்பி இல்லை. ஒவ்வொரு ஹாண்டில்பாராகத் தொட்டுக்கொண்டு வந்தான் லாமர்ட். சாம்பல், சாம்பல், கறுப்பு, மீண்டும் சாம்பல். தொப்பி கட்டிய வண்டி வந்ததும் நின்றான். அதையும் பக்கத்திலிருந்த தன்னுடையதையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஹில்லி! உன்னுது இங்கே இருக்கு. வர்றியா, இல்லை இன்னிக்கும் வேற யாரோடதாவது வேணுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரூலின் தன் காரின் வெறும் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"காப்பியை மறந்துட்டார்" என்றாள்.

"ஆமா, மறந்துட்டார்."

"இலைகள் உதிரட்டும். அப்ப சைக்கிளைப் பத்தி மறுபடி பேசுவோம்மா. விடமாட்டேன்."

"பேசலாம். எனக்கும் பயம்தான். இப்ப முத்திரை வாங்கணும், வழியை விடு."

அன்று மாலைவரை ஹில்லி முன்னால் போனாள். அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து விடவில்லை. பின்னால் மட்கார்டு கடகடத்தது. காற்று மாறிய இடங்களில் அது கேட்காமற்போகும். அப்போதெல்லாம் அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரம் தானாக உருள, காதை மட்டும் பின்னால் விட்டுவைத்தாள். கடகட என்றதும் மீண்டும் மிதித்தாள்.