குளம் என்று ஒரு மைதானம்

மழைக்காலக் காலைகளில் என் இடுப்பில் தொங்கும் வோக்கி-டோக்கி முதலில் கரகரக்கும். பிறகு ஒரு பெருமூச்சு கேட்கும். அதற்குப் பிறகுதான் குரல் வரும். "தம்பி, குளம் நிரம்பிட்டுது. இண்டைக்கு விளையாடேலாது." நான் மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குப் போய், இன்றைய ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் சொல்வேன். பத்தொன்பது குளிர்காலங்கள் இப்படித்தான் போயின.

லண்டனில் மனோர் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி அது. நான் அங்கே கேர்டேக்கர். இப்போதும் அதே வேலைதான், முழங்கால்தான் முன்போல இல்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவர்சியராக இருந்தவர். லண்டனுக்கு வந்து பல வருடங்கள் பெட்ரோல் நிலையத்தில் நின்றுவிட்டு, ஒரு விளம்பரத்தைப் பார்த்து இந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். புல், மண், தண்ணீர் மூன்றும் இருக்கிற வேலை என்பதால் கேட்டுப் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை ஊரிலை எந்தப் பக்கம்?" என்பது. நம்மவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ஊரின் பெயர் போதாது. எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று தெரிந்தால் ஆளின் சாதி தெரிந்துவிடும். அவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். நான் பெரிய மனிதன் போல, "அதெல்லாம் இஞ்சை ஆர் பாக்கினம்" என்றேன்.

மைதானம் தெருவைவிடத் தாழ்ந்து கிடந்தது. சுற்றியிருந்த வீடுகளின் மழையெல்லாம் ரயில் வேலியோரமாக இருந்த வடகிழக்கு மூலையில் வந்து சேரும். அண்ணை கூரிய இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்தித் துளை போடுவார், மணல் தூவுவார், சிறு வாய்க்கால் வெட்டுவார். அடுத்த மழைக்கு எல்லாம் பழையபடி. "இது மைதானமில்லை, குளம்" என்று முதல் வருடமே சொல்லிவிட்டார்.

எங்கள் எல்லோருக்கும் வோக்கி-டோக்கியில் ஒரே அலைவரிசை. உதைபந்தாட்டப் பயிற்சியாளர் ஜமெய்க்காப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பெண். ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதற்குச் சற்று முன்னால் 'குளம்' என்ற சொல் வருவதை அவர் கவனித்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம், "கூலம் நிறைந்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனது. பிள்ளைகளிடமிருந்து எதிரணிகளுக்குப் போனது. மைதானத்துக்கு ஏற்கெனவே ஒரு பழைய அதிபரின் பெயர் இருந்தது. இரண்டே வருடத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. இரும்பு இருக்கை வரிசையில் நின்று காலால் இடித்து இடித்து "கூ-லம், கூ-லம்" என்று இருநூறு பிள்ளைகள் கத்துவார்கள். "தமிழைக் கொல்லுதுகள்" என்பார் அண்ணை. ஆனால் ஆட்டம் முடியும்வரை வீட்டுக்குப் போகமாட்டார்.

தண்ணீர் ஊற்றும் வழக்கமும் அவரால் வந்ததுதான். ஒரு செப்டெம்பரில் மழையே இல்லை. அந்த மூலையில் அவர் புதிதாக விதைத்த புல் கருகிக்கொண்டிருந்தது. வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்த பெண்கள் அணித் தலைவி, களத்தில் இறங்கப் போகும் வழியில் தன் போத்தல் தண்ணீரை அங்கே கவிழ்த்துவிட்டுப் போனாள். அதுவரை வெல்லவே முடியாத ஓர் அணியை அன்று வென்றார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டத்துக்கும் அணித் தலைவர் அந்த மூலையில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்ற வேண்டும். "லண்டன் தண்ணி முழுக்க அந்த மூலைக்குத்தான் வருது. இவையளும் கொண்டுவந்து ஊத்தினம்" என்று அலுத்துக்கொள்வார். அந்த நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்கு வருவார்.

இனிச் சொல்ல வேண்டியதை இத்தனை வருடமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. அண்ணையின் மகளுக்கும் ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பையனுக்கும் பல்கலைக்கழகத்தில் பழக்கம். இரண்டு வீட்டாரும் சந்தித்துப் பேசி, நாள் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்போது ஒரு சனிக்கிழமை பையனின் மாமா முறையான ஒருவர் எனக்கு போன் செய்தார். கோயிலில் கண்டு பழக்கம்.

"உங்களோடை வேலை செய்யிறவர், ஆள் எப்பிடி?"

"தங்கமான மனுசன்."

"அது சரி. ஊரிலை எந்தப் பக்கம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். கோயிலின் பெயர், ஒழுங்கையின் பெயர். போனை வைத்துவிட்டுத் தேநீர் குடித்ததும் ஞாபகமிருக்கிறது. இரண்டு வாரத்தில் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அண்ணை ஒரு நாள் லீவு போட்டார். மறுநாள் வந்து கோல் கம்பங்களுக்கு வெள்ளை அடித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. மகள் பிறகு வேறொருவரை மணந்து மோர்டனுக்குப் போனாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது.

அண்ணை ஓய்வு பெற்று மோர்டனில் மகளோடு போய்த் தங்கிய பிறகு கல்லூரி மைதானத்தைத் தோண்டி, குழாய் பதித்து, செயற்கைப் புல் விரித்தது. இப்போது எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் நிற்பதில்லை. புதிய இருக்கைகளும் வந்தன. பிள்ளைகள் கூப்பிட்டுப் பழகிய 'குளம்' என்ற பெயரையே அதிகாரப்பூர்வமாக வைப்பது என்று முடிவானது. விளம்பரப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைப் போட்டு, 'தமிழில் இதற்குக் குடும்பம், வம்சம் என்று பொருள் வருகிறது, சரியா?' என்று கேட்டிருந்தார்கள். அன்று கொதிகலன் பழுது. இரண்டாவது ஷிப்டும் நானே நின்றுகொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் குளமும் குலமும் ஒன்றுதான். சரி என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினேன்.

திறப்பு விழாவுக்கு அண்ணை ஊன்றுகோலோடு மோர்டனிலிருந்து வந்தார். நுழைவாயிலில் ஆளுயரப் பலகை. 'பழந்தமிழ்ச் சொல். ஒரே குலம், ஒரே குருதி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். மீண்டும் முதலிலிருந்து வாசித்தார்.

"ஆர் சொன்னது?"

"கேட்டவை அண்ணை. யோசிக்காமல் ஓம் எண்டு எழுதிப்போட்டன்."

"ஓம்," என்றார். குரலில் கோபமே இல்லை. "கேட்டவுடனை சொல்லுறது உமக்குப் பழக்கம்தானே."

அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு எல்லாம் தெரியும் என்று. அந்த போன் அழைப்புக்குப் பிறகும் ஒன்பது வருடம் அவர் என்னோடு ஒரே அறையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். வோக்கி-டோக்கியில் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறார். பிள்ளைகள் இருக்கைகளை இடித்துப் பெயரைக் கத்தத் தொடங்கியபோது திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலைக் கடந்து பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

பலகையை மாற்றச் சொல்லி எழுதினேன். அர்த்தம் அழகாக இருக்கிறது, எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது, சீருடைகளிலும் அச்சிட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். நான்கு மாதம் இப்படியே போனது. கடைசியில் அதிபர் தன் அறைக்குக் கூப்பிட்டார். குலம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் எங்களில் சிலர் ஒருவரை வீட்டுக்குள் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம் என்றேன். அதற்கு நானும் உடந்தையாக இருந்திருக்கிறேன் என்று, தமிழில் அண்ணையிடம் சொல்ல வாய் வராததை, ஆங்கிலத்தில் ஓர் அந்நியப் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். அவர் விளம்பரப் பிரிவுக்கு போன் செய்து பலகையைக் கழற்றச் சொன்னார். பிறகு, சரியான அர்த்தத்தை எழுதித் தாருங்கள் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோர்டனுக்குப் போனேன். அண்ணை ஜன்னலோரம் இருந்தார். மகள் கதவைத் திறந்து, "வாங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

"பலகையைக் கழட்டியாச்சு அண்ணை. புதுசு வருது."

"என்ன எழுதிக் குடுத்தனீர்?"

"தண்ணி தேங்கி நிக்கிற இடம் எண்டு."

"தேங்கி நிண்டால் அது பள்ளம். குளம் எண்டால் ஆக்கள் சேந்து அணை கட்டி மறிச்சு வைக்கிறது. பிறகு எல்லாருக்கும் திறந்து விடுறதுக்கு. வடிவா எழுதும்."

நான் தலையாட்டினேன். குசினியில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. இப்போது விட்டால் இனி ஏலாது என்று நினைத்தேன்.

"அண்ணை, மகளின்ரை விசயமா அண்டைக்கு ஒருத்தர் போன் எடுத்தவர்..."

அவர் கையைச் சற்று உயர்த்தினார். "முதல் பலகையைச் சரியாக்கும். மற்றதைப் பிறகு பாப்பம்."

திரும்பும்போது மோர்டன் நிலையத்தில் ரயில் புறப்படக் காத்து நின்றது. காலியான பெட்டியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, அதிபருக்குத் திருத்தத்தை எழுதி அனுப்பினேன். புதிய பலகை மாட்டியாகிவிட்டது. அண்ணை சொன்னபடியே இருக்கிறது. போட்டோ எடுத்துக் காட்டினேன். பார்த்தார், நல்லது என்றார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறேன். மழையைப் பற்றிப் பேசுகிறோம், அவருடைய மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.