ஹெல்மெட் போட்ட எருமையும் பென்சில் கையெழுத்தும்

போன ஆடி மாதம் உத்திரமேரூர் பஜார் தெருவில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. நான் அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன், வீடு திருப்புலிவனம். எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சென்னையில் தெருச் சுவர்களில் படம் வரைகிறார்களே, அந்த ஓவியர்கள் அதே படத்தை ஸ்கிரீன் பிரின்ட் போட்டு, ஐம்பது பிரதி மட்டும் விற்பார்கள். அதற்கு மேல் ஒன்றுகூடப் போட மாட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இது எத்தனையாவது பிரதி என்று பென்சிலில் எண் எழுதி, கையெழுத்தும் போட்டிருப்பார்கள். என்னைப் போல் சேர்ப்பவர்களுக்கு அதுதான் உயிர். "கல்யாணப் பத்திரிகையும் இப்டித்தான் அடிக்கிறாங்க, அத்த சேத்து வெச்சிக்கயேன்" என்பார் என் வீட்டுக்காரர். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த மாதம் எனக்குக் கிடைத்தது, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சிக்னலில் நிற்கும் எருமை. பிரதி எண் 17/50. "எமனோட வண்டிய கொண்டாந்து ஹால்ல நிறுத்தப் போறியா?" என்று வீட்டில் ஒரே கேலி. ஆனால் வரைந்தவரோ, பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் ஒரு பள்ளிச் சுவரில் வரைய வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்து தன் எருமையைப் பார்ப்பதாகவும் போனில் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பஜாரில் சாமி படங்களுக்கு ஃபிரேம் போடும் பாயிடம் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை வரைந்தவரே பார்க்க வருகிறார் என்று சொல்லிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வாங்கப் போனேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. பாய் பெருமையாகச் சொன்னார்: "அடியில யாரோ பென்சில்ல கணக்கு போட்டு கிறுக்கி வெச்சிருந்தாங்கம்மா. மூணு தபா ரப்பர் போட்டு அழிச்சிட்டேன். பாரு, இருந்த எடமே தெரியல."

அது வரைந்தவரின் கையெழுத்து என்று வாயைத் திறந்தேன் பாருங்கள், நாலு கடை தள்ளி இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "எழுதப் படிக்கத் தெரியாத ஆளாண்ட குடுத்தேன் பாரு, என்ன சொல்லணும்!" என்று கடைசியில் ஒரு வார்த்தையை விட்டேன். பாயின் முகம் சுண்டிப்போனது. "ஞாயித்துக்கெழம நானே வந்து அவராண்ட சொல்லிடறேம்மா" என்றார். "நீங்க வந்து வேற பேஜார் பண்ண வேணாம்" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். நடந்ததைச் சொன்னால், போயும் போயும் இவளுக்கா கொடுத்தோம் என்று ஓவியர் நினைப்பார். இனி ஒரு படமும் தர மாட்டார். செல்போனில் அந்தக் கையெழுத்தின் போட்டோ இருந்தது. சனிக்கிழமை முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து, வீணான தாள்களில் எழுதிப் பழகினேன். கை படிந்ததும் ஃபிரேமைப் பிரித்து, எண்ணை எழுதி, அவர் கையெழுத்தை நானே போட்டு, மறுபடி மூடினேன். "ஸ்கூல்ல உங்க நைனா கையெழுத்த போட்டுக்கினு இருந்தியே, அந்த பழக்கமா?" என்றார் வீட்டுக்காரர். ஏன்தான் அதை அவரிடம் சொல்லித் தொலைத்தேனோ!

ஞாயிற்றுக்கிழமை ஓவியர் வந்தார். காபி குடித்தார். எருமையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். கையெழுத்தைக் கவனிக்கவே இல்லை. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் வாசலில் மொபெட் சத்தம். சலவைச் சட்டையோடு பாய்!

உள்ளே வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். "தம்பி, உங்க கையெழுத்த அழிச்சது நான்தான். இன்னா ஏதுன்னு தெரியாம செஞ்சிட்டேன். இந்தம்மா மேல தப்பே இல்ல."

ஓவியர் குழம்பிப்போய்ப் படத்தின் கிட்டே குனிந்தார். "இங்கதான இருக்கு பாய்?"

பாயும் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு, "அட, சரியா அழியல போலகீது. வயசாயிடிச்சில்ல தம்பி, கைவேல முன்ன மாதிரி இல்ல" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயோ பாய், போதும்! நீங்க நல்லாத்தான் அழிச்சீங்க. திருட்டுக் கையெழுத்து போட்டது நான்" என்று சொல்லி, வெட்கமில்லாமல் அழுதேன். ஓவியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃபிரேமைப் பிரிக்கச் சொல்லி, ரப்பரைப் பாயிடம் நீட்டினார். பாய் என் கையெழுத்தைப் பதமாக அழிக்க, ஓவியர் தன்னுடையதைப் போட்டார். "என்னோடதைவிட உங்க கையெழுத்து அழகா இருந்துச்சு" என்று எனக்கு ஒரு குத்து வேறு.

மறுநாள் பஜாரில், அன்றைக்கு எட்டிப் பார்த்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடும்மா. நாஷ்டா துன்னியா?" என்றார்.

ஊரறியத் தன்னைக் கேவலமாகப் பேசியவளின் மானத்தைக் காப்பாற்ற, தன் கைவேலையே சரியில்லை என்று சொல்லிக்கொண்ட அந்த மனிதரை நினைத்தால், இன்றைக்கும் கோபத்தில் கிளம்பும் வார்த்தை என் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.