மூன்றாவது பழுது

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், கன்னம் வீங்கி வந்த ஒருவருக்கு டோக்கன் எழுதிக்கொண்டிருந்தாள் தங்கை. பதினேழாம் எண். ஒன்று எழுதி ஏழு எழுதுவதற்குள் போன் அடித்தது. அண்ணன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் பேசினார். கொஞ்சம் உட்காருங்கம்மா என்றார். உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றாள். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் அவளுக்கு வரிசையாக நினைவில்லை. ஒன்பது மாடிக் கட்டடம், உச்சியில் மெஷின் ரூம், நெஞ்சுவலி. கையிலிருந்த ஸ்பேனரைக் கூட கீழே போடாமல் சுவரில் சாய்ந்தபடி இருந்தானாம். வயது நாற்பத்து நான்கு.

ஆஸ்பத்திரியில் அவனுடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், போன், கைக்குட்டை, ஒரு சாவிக்கொத்து. அண்ணி கவரை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதனால் அது தங்கையிடம் வந்தது.

சூப்பர்வைசர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். லிஃப்ட்டில் வேலை செய்ய ஏறுகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். அவன் உள்ளே இருக்கும்போது வேறு எவனும் கரண்ட்டைப் போட்டுவிடக் கூடாது. அதற்குத்தான். மாற்றுச் சாவி கிடையாது. அந்தப் பூட்டு இன்னும் அங்கே தொங்குகிறது, கட்டடத்துக்காரர்கள் வெட்டச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்றார்.

"வெட்டினா என்ன?" என்றாள் தங்கை.

"பூட்டுனவர் வர முடியலைன்னா, ரெண்டு பேர் மேலேயிருந்து கீழ வரைக்கும் கண்ணால பார்க்கணும்மா. உள்ள ஆள் இல்லைன்னு நோட்டுல எழுதி, அப்புறம்தான் கை வைக்கணும். பார்க்காம கையெழுத்துப் போட்டா அது கொலைக்குச் சமம்னு உங்க அண்ணன்தான் சொல்லுவாரு. எனக்கே சொல்லிக்குடுத்தவர் அவர்."

தங்கை கொத்திலிருந்து பூட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். வளையத்தில் இன்னொன்று மிச்சமிருந்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி, மேலே இரண்டு சின்னப் பொத்தான்கள். அது பள்ளிக்கூடத்தின் சாவி. நாளை வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிதான் கெடு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் கட்டும் ஆசை பணக்கார ஆசையாக வந்ததல்ல, பட்டுத் தெளிந்ததில் வந்தது. பத்தொன்பது வயதில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் படித்து லிஃப்ட் மெக்கானிக் சான்றிதழ் வாங்கினான். இருபத்தாறில் உரிமத்துக்கு மனுப் போட்டபோது அந்த நிலையமே இல்லை. ஓனர் இரவோடு இரவாகக் கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தான், பதிவேடுகளையும் சேர்த்து. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, யாரைக் கேட்டு உறுதி செய்வது என்றார். மறுபடி அடியிலிருந்து தொடங்கி, தன்னைவிடச் சின்னவர்களுக்கு எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டினான். அந்த ஐந்து வருடமும் அவன் வாயில் ஒரே கேள்விதான். படிச்சது நான், அதைத் தூக்கிக்கிட்டு ஓட அவன் யாரு?

பதில் ஒரு லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்ட சாஃப்ட்வேர்காரன் ஒருவன், பயத்தில் வாய் ஓயாமல் பேசினான். கதவுக்கு வெளியே நின்ற அண்ணன் அவனைப் பேசவிட்டுக்கொண்டே வேலை பார்த்தான். பிளாக்செயின் என்று ஒன்று, ஒரே பதிவேடு ஆயிரம் வீட்டில் ஆயிரம் பிரதியாக இருக்கும், ஒருத்தன் ஒரு பக்கத்தைக் கிழித்தால் மற்ற எல்லாரிடமும் அந்தப் பக்கம் இருக்கும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்போ ஓனர் ஓடிட்டா?"

"ஓனரே கிடையாதுண்ணே."

அண்ணன் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அதை இன்னொரு தரம் சொல்லு என்றானாம். உள்ளே இருந்தவன், முதல்ல கதவைத் திறங்கண்ணே என்று அழாத குறையாகக் கெஞ்சியதை அவனே பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கண்ணாடி போட்டவன் என்பதால் வீட்டில் அவன் பெயர் 'கண்ணாடி' என்றே ஆகிவிட்டது.

அந்த இருவரும் நாலு வருடம் முட்டி மோதிக் கட்டியதுதான் பள்ளி. அதற்குக் கட்டடமும் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை. எதையாவது சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் பாடத்தை அறிவிக்கலாம். அது நடக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். போட்ட பணம் யார் கையிலும் இருக்காது. பாடம் நடக்க நடக்கத்தான் அவிழும். முடிவில் சான்றிதழ்கள் அந்த ஆயிரம் பிரதிப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறியதை அழிக்க ஆண்டவனாலும் முடியாது என்பது கண்ணாடியின் பெருமை. தங்கைக்கு அதில் பதிவாளர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெயர், தேதி, வருகை என்று உட்கார்ந்து தட்டுவாள்.

அண்ணன் நடத்திய லிஃப்ட் பாடத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். விதிகளை எழுதியது அண்ணன். பட்டியலில் தேர்ச்சி, தோல்வி என்று இரண்டே கட்டம். இழுத்தடிக்கிற நிலையங்களைப் பார்த்தவன் என்பதால் கடைசி நாளையும் நேரத்தையும் இறுக்கி வைத்தான். அந்த நேரத்துக்குள் எல்லா வரியும் நிரம்பி, ஆசிரியரின் சாவியும் கண்ணாடியின் சாவியும் விழ வேண்டும். ஒரு வரி காலியாக இருந்தாலும் பட்டியல் ஏறாது. ஏறாவிட்டால் பாடம் நடக்கவே இல்லை என்று பதிவாகி, அவிழாத மிச்சம் பணம் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும். யாரும் சலுகை கேட்க முடியாது, ஏனென்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. எல்லாவற்றையும் யோசித்தவன், தான் இல்லாமல் போவதை மட்டும் யோசிக்கவில்லை.

நாற்பது வரி நிரம்பியிருந்தது. நாற்பதும் தேர்ச்சி. அதில் பதினொரு பேர் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவர்கள். நாற்பத்தொன்றாவது வரி காலி.

அது ஆபரேட்டர் அக்காவின் வரி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக லிஃப்ட் ஆபரேட்டர். பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சதுதான் மிச்சம், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பார்க்கணும் என்று சொல்லிச் சேர்ந்தவர். ஷிஃப்ட் மாறி மாறி அவருடைய செய்முறைத் தேர்வு இரண்டு தரம் தள்ளிப்போய், வியாழன் சாயங்காலம் என்று முடிவாகியிருந்தது. வியாழன் காலையில்தான் அந்தப் போன் வந்தது.

வீட்டுக்கு உடல் வந்தபின், கூட்டம் கொஞ்சம் விலகிய நேரத்தில் கண்ணாடி அவளை ஓரமாக அழைத்தான். அழுது அழுது கண்ணாடிக்குள் கண்ணே தெரியவில்லை. அண்ணனின் சாவிக் கருவிக்கான ஆறு இலக்கப் பின் நம்பர் அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அண்ணனின் தடித்த விரல் அந்தப் பொத்தான்களுக்குள் நுழையாததால் எப்போதும் அவள்தான் அழுத்துவாள், அவன் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். அக்காவுக்குத் தேர்ச்சி போட்டுவிடலாம், நல்லாப் படிச்சவங்க, யாருக்கும் நஷ்டமில்லை என்றான்.

"அண்ணன் பார்க்கலையே."

"செயினுக்கு யார் உயிரோட இருக்காங்கன்னு தெரியாது. சாவிதான் தெரியும்."

"எனக்குத் தெரியுமே" என்றாள் தங்கை.

தோல்வி என்று போடவும் அவளுக்குக் கை வரவில்லை. அதுவும் அழியாதுதானே. அப்போதுதான் சூப்பர்வைசர் சொன்னது நினைவுக்கு வந்தது. பூட்டியவன் வர முடியாவிட்டால், இரண்டு பேர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு ஆபரேட்டர் அக்கா வந்தார். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். சீருடையைக் கூட மாற்றவில்லை. அண்ணன் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். தங்கை விஷயத்தைச் சொன்னதும், எழுதுறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பயிற்சிப் பலகை இருந்தது. ஆள் உயரப் பலகையில் மூன்று மாடி, சின்ன மோட்டார், கைப்பிடி அளவில் ஒரு லிஃப்ட் பெட்டி, மாடிக்கு மாடி கதவு. தேர்வென்றால் அண்ணன் அதில் மூன்று பழுதை ஒளித்து வைப்பான். மூன்றையும் கண்டுபிடித்தால்தான் தேர்ச்சி, இரண்டுக்குப் பாதி மார்க் என்பதெல்லாம் கிடையாது. என்னென்ன பழுது என்று எங்கேயும் எழுதிவைக்கவும் மாட்டான். எழுதினால் தாள் வாய் திறக்கும் என்பான்.

சூப்பர்வைசரும் தங்கையும் இரண்டு சாட்சிகளாக நின்றார்கள். கண்ணாடி லேப்டாப்போடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். பத்து மணிக்கு அக்கா ஸ்குரு டிரைவரை எடுத்தார். முன்பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தரம் ஏறும்போதும் அவர் கை நின்று, இறங்கியதும் மறுபடி அசைந்தது.

பத்தேகாலுக்கு அண்ணியின் அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். முன்னாடி உடம்பை வச்சுக்கிட்டுப் பின்னாடி பரீட்சை நடத்துற குடும்பத்தை இப்பத்தான் பார்க்கிறேன் என்றார். அவருக்குப் பின்னால் அண்ணி வந்தாள். காலையிலிருந்து யாரோடும் பேசாதவள்.

"நடக்கட்டும்ணா. அவர் நேத்துக் காலையில டீ கூடக் குடிக்காம இதைத்தான் நோண்டிக்கிட்டிருந்தாரு. வந்து கையைத் துடைச்சிக்கிட்டே சிரிச்சாரு. மூணாவது அந்தக்காவுக்குன்னே வச்சதுன்னாரு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்குரு டிரைவரை அடுத்த திருகுக்கு நகர்த்தினார்.

பத்து நாற்பதுக்கு முதல் பழுது கிடைத்தது. பார்க்க நன்றாக இருந்து உள்ளே எரிந்துபோன ஒரு ஃப்யூஸ். பதினொன்று ஐந்துக்கு இரண்டாவது. இரண்டாம் மாடிப் பட்டனுக்குப் போகும் கம்பியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் வார்னிஷ் தடவியிருந்தான். சுரண்டி மாட்டியதும் மோட்டார் முனகியது. பெட்டி ஏறியது, நின்றது, கதவு திறந்தது, மூடியது, இறங்கியது. மூன்று மாடியும் பிசகில்லாமல் ஓடியது.

கண்ணாடி மூச்சை விட்டான். ஓடுதே, தேர்ச்சிதானே என்றான். அக்கா காதில் வாங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் தடவிக்கொண்டே போனார். பதினொன்றரை. பதினொன்று நாற்பது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. தங்கை சூப்பர்வைசரைப் பார்த்தாள். எனக்கும் தெரியலைம்மா என்பதுபோல அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு அக்கா ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார்.

"தோல்வின்னு போடும்மா."

"அக்கா, ஓடுது அக்கா" என்றான் கண்ணாடி. "இங்க யாரும் வெளிய சொல்லப் போறதில்லை."

"ஓடுறதுதாம்ப்பா பயம். நின்னுபோற லிஃப்ட்டு யாரையும் கொல்லாது, ஓடக் கூடாத நேரத்துல ஓடுறதுதான் கொல்லும்னு மாஸ்டர் முதல் நாளே சொன்னாரு. மூணாவது உள்ள இருக்கு. அதைப் பார்க்காம நான் தேறிட்டேன்னா, நாற்பது பேரோட தேர்ச்சியும் பொய்யாயிடும்."

"அழிக்க முடியாதுக்கா" என்றாள் தங்கை.

"அழிக்க வேண்டாம். கீழே இன்னொரு வரி எழுதலாமில்ல, ஒரு நாள்?"

எழுதலாம் என்று கண்ணாடி தலையசைத்தான். தங்கை நாற்பத்தொன்றாவது வரியில் தோல்வி என்று தட்டினாள். குறிப்புக்கான இடத்தில், ஆசிரியர் மறைவு, இரு சாட்சிகள் முன்னிலையில் தேர்வு, பழுது மூன்றில் இரண்டு என்று எழுதி, இருவர் பெயரையும் சேர்த்தாள். அண்ணனின் சாவிக் கருவியை லேப்டாப்பில் செருகினாள். பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள். அது பழக்கம். ஆறு எண்களையும் அழுத்தினாள். கண்ணாடி தன்னுடையதை அழுத்தினான். பதினொன்று ஐம்பத்து மூன்று. திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது.

அக்கா தன் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தார். தேர்ச்சி பெற்றதும் வேலைக்கு வேண்டுமே என்று முன்கூட்டியே வாங்கிவைத்தது. பலகையின் சுவிட்சை அணைத்து, அதைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டார். நான் வர்ற வரைக்கும் யாரும் இதுல கை வைக்க வேணாம் என்றார். பிறகு எல்லாரும் முன்பக்கம் போனார்கள். இரண்டு மணிக்கு எடுத்தார்கள்.

திங்கட்கிழமை பதினொரு பேரும் வேலையில் சேர்ந்தார்கள். லிஃப்ட் பாடத்தைத் தொடர்ந்து நடத்த வேறொரு மெக்கானிக் முன்வந்திருக்கிறார், அவருக்கும் சிலர் பணம் போட்டிருக்கிறார்கள். பெட்டி ஏறும்போது எதிரே உட்கார்ந்து கதவுகளைக் கவனித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால், லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் அக்கா வரும்போது தங்கையும் கொட்டகையில் உட்காருகிறாள். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. மூன்றாவது பழுது இன்னும் கிடைக்கவில்லை.