பூசை நோட்டில் என் பெயர்

ஒரு சோக நாடகத்தை நாலு தடவை படித்தவனுக்கு, அதில் வரும் ராஜாவின் கதி நேராது என்று நம்பினேன். ராயபுரத்தில் ரயில்வே வேலை. ஐம்பது வயதில் தபால்வழி பி.ஏ.; அதில் அந்த நாடகம் பாடம். அந்த ராஜா அரைகுறைச் சேதியைக் கேட்டுப் பயந்து ஓடி, ஓடிய இடத்திலேயே மாட்டிக்கொள்வான். 'முழுசாக் கேட்டுத் தொலைய வேண்டியதுதானே' என்று புத்தக ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு, மாதா கோயிலில், யாருக்காகப் பூசை என்று எழுதும் நோட்டில் வெள்ளிக்கிழமைக்கு என் பெயர் இருந்தது. மனைவியின் கையெழுத்து. எங்கள் தெருவில் பெரும்பாலும் செத்தவர்களுக்கும் சாகக் கிடப்பவர்களுக்கும்தான் பூசைக்கு எழுதிக் கொடுப்பார்கள். முந்தின வாரம் என் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வந்தவளும் அவள்தான்.

நான் கேட்கவில்லை. மீதி நாடகங்களைப் படிக்க வைத்திருந்த மூன்று நாளும், என் சவப்பெட்டியைத் தூக்கப் போகிறவர்களை உயரம் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலைப் பூசையில் சாமியார், "இன்று தேர்வு எழுதும் நம் சகோதரருக்காக" என்றார். வெளியே வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"யோவ், நீ பாஸாவணும்னு எழுதிக் குட்த்தேன்யா! ரத்தத்துல ஒண்ணியும் இல்ல. வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா கேடு உனக்கு?"

பத்து மணிக்குப் பரீட்சை. ராஜாவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தத் தாளில் நான் ஃபெயில்.