வலி யார் பெயரில் இருக்கிறது?

வலி குறைக்கும் மின்சாரப் பெட்டியை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். அந்த வலி உண்மைதான் என்று இன்சூரன்ஸ் கம்பெனியை நம்ப வைப்பதுதான் கஷ்டம். எண்பதுகளின் கடைசியில், பிரிக்ஃபீல்ட்ஸில், அதுதான் என் வேலை. சிகரெட் பெட்டி அளவில் ஒரு மெஷின். அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் தோலில் ஒட்டும் ரப்பர் பட்டைகள். ஒட்டிக் குமிழைத் திருகினால் எறும்பு ஊர்வது போல மின்சாரம் ஓடும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு வாடகைக்கு அனுப்புவோம். அந்த வாடகையை இன்சூரன்ஸில் கேட்டு வாங்குவது என் பொறுப்பு. உங்களில் முதுகுவலிக்காரர்கள் இருப்பீர்கள், க்ளெய்ம் கேட்டு அலைந்தவர்களும் இருப்பீர்கள். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

பூனை சுற்றிப் போன இடம்

செந்தூலில் குடியிருந்த ஆரோக்கியசாமி அங்கிள் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியால் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எடுத்த அந்தக் காலின் பெருவிரல்தான் அவரைத் தூங்கவிடாமல் வலித்தது. டாக்டர் பட்டைகளை மிச்சமிருந்த வலது காலில் ஒட்டச் சொல்லியிருந்தார்; இந்தக் காலில் கொடுத்தால் அந்தக் காலின் வலி அடங்கும் என்பது அவர் கணக்கு. க்ளெய்மைப் பார்த்த இன்சூரன்ஸ் அதிகாரி மிஸ் லிம் போனில் கேட்டார்: "இல்லாத காலுக்கு மெஷின் எதுக்கு லா?" நேரில் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னார்.

போனேன். அங்கிள் பிரம்பு நாற்காலியில் இருந்தார். நான் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டதும், "தம்பி, கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கால் நீட்டியிருக்கேன்" என்றார். எதிரே வெறும் சிமெண்டுத் தரை. ஆனாலும் தள்ளிப் போட்டேன். அவர் குமிழைத் திருகினார். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. "மடங்கியிருந்த விரல் விரியுது" என்றார், கண்ணை மூடியபடி.

அப்போது சமையலறையிலிருந்து அவர் வீட்டுப் பூனை வந்தது. வாசலுக்கு நேராகப் போயிருக்கலாம். அந்த வெறுந்தரைக்கு முன்னால் நின்றது, முகர்ந்தது, பிறகு வளைந்து சுற்றிப் போனது. அங்கிள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பூனைக்குத் தெரியுது தம்பி. உங்க மிஸ் லிம்முக்குத்தான் தெரியல."

செல்லம்மா ஆன்டியின் தோள்

அங்கிள் கேஸ் டாக்டரின் கடிதத்தோடு பாஸாகிவிட்டது. கிள்ளான் கேஸ் அப்படி முடியவில்லை. அங்கே ராஜரத்தினம் என்றொரு கிராணி, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவர், வலது தோள் வலிக்கு எங்கள் மெஷினை வைத்திருந்தார். அவர் மாரடைப்பில் இறந்ததும் இன்சூரன்ஸ் நின்றது. காரியமெல்லாம் முடிந்த பிறகு மெஷினை வாங்கி வரப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி செல்லம்மா ஆன்டியின் கழுத்தோரமாக வயர் தொங்கியது. பட்டைகள் அவருடைய வலது தோளில்.

"அவரு போன மறுநாளே எனக்கு இங்க ஆரம்பிச்சிடுச்சு தம்பி. அதே இடம். அவரு மாதிரியே கைய மேல தூக்க முடியல" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மெஷினை ஆன்டி பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதினேன்; மறுத்துவிட்டார்கள்.

மறுபடி போனபோது ஆன்டி பட்டைகளை உரித்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கினார், சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்கும் மேலே போனது. முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. மெஷினை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். "வலி இதுக்குள்ள போயிடுச்சு. பாத்துக் கொண்டு போங்க தம்பி."

பழைய வலி

அதே மெஷினைத் துடைத்து, புதுப் பட்டைகள் போட்டு, போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் முனியாண்டிக்கு அனுப்பினோம். அவருக்கு இடுப்பு வலி. முன்னால் யார் வைத்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. சில வாரத்தில் அவரே ஆபீசுக்கு வந்தார். இடுப்பு நன்றாகிவிட்டது, ஆனால் வலது தோள் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தார். முதலாளி வேறு டிரைவரைத் தேட ஆரம்பித்திருந்தார்.

தோளுக்கும் க்ளெய்ம் அனுப்பினேன். இன்சூரன்ஸ் டாக்டர் கையாலேயே அழுத்திச் சோதித்துவிட்டு மறுத்தார். தசை இறுகியிருக்கிற விதத்தைப் பார்த்தால் பாலிசி எடுப்பதற்குப் பல வருடம் முன்பே வந்த வலி, அதற்குக் காப்புறுதி கிடையாது என்றார். முனியாண்டி என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, தோளைத் தடவிக்கொண்டே, கோபமில்லாமல்தான் கேட்டார்: "எனக்கு வயசு இருபத்தாறு அண்ணே. இந்த வலிக்கு என்னைவிட வயசு கூட இருக்கும்போல. அப்ப இது யாரு வலி?"

திரும்பக் கொண்டு போனது

முனியாண்டிக்கு வேறு மெஷின் கொடுத்துவிட்டு இதை வாங்கி வைத்துக்கொண்டேன். தோள் வலி போய், அந்த வாரமே அவர் லோரியில் ஏறிவிட்டார். எங்கள் டைப்பிஸ்ட் லெட்சுமி மெஷினைத் தொட மாட்டேன் என்றாள். இன்னொருவர் உடம்பில் ஒட்ட எனக்கும் மனம் வரவில்லை. பழுது என்று சொல்லி, எங்கள் முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கிள்ளானுக்கு எடுத்துப் போனேன்.

செல்லம்மா ஆன்டி இளைத்திருந்தார். வலி போனதிலிருந்து வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றார். பட்டைகளை ஒட்டிக் குமிழைத் திருகினார். வலது தோள் மெல்ல இறங்கியது. வாய் வேதனையில் கோணியது. அப்புறம், எப்படிச் சொல்வது, அந்த வேதனைக்குள்ளேயே ஒரு நிம்மதி வந்தது. பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கு இடம் விடுவது போலக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்க கெளம்புங்க தம்பி. அவரு வந்துட்டாரு."

இப்போது நான் தீ விபத்து இன்சூரன்ஸில் இருக்கிறேன். அங்கே எரிந்தது எது, யாருடையது என்று சாம்பலைப் பார்த்தாவது சொல்லிவிட முடிகிறது.