ஏழு பேர் திறந்த கோப்பு

முதுகுக்குப் பின்னால் அவரை வார்டன் என்போம், முகத்துக்கு நேரே அக்கா. பதினாறு வருடமாக அதே நாற்காலி. அதன் ஒரு சக்கரம் எப்போதோ கழன்றுவிட்டது. மடித்த அட்டையை முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்வது. நாற்பது பேர் ஒன்றாக உள்ளே நுழைந்து வேலை செய்கிற சர்வர் அது. எங்கள் கட்டடத்தில் இல்லை, எங்கோ தொலைவில் கிளவுட்காரர்களிடம் வாடகைக்கு எடுத்தது. "பதினாறு வருஷமா குடும்பம் நடத்துறேன், இன்னும் மூஞ்சியப் பாத்ததில்ல" என்பார்.

அந்தச் சர்வரில் டெம்ப் என்றொரு ஃபோல்டர். நிரல்கள் எல்லாம் பாதி வேலையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கிற இடம். அலுவலக ஃப்ரிட்ஜ் மாதிரிதான். யாரும் வைக்கலாம், யாரும் கதவைத் திறக்கலாம். அவரவர் கோப்புக்கு அவரவர்தான் பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். எங்களில் பாதிப்பேர் போட மாட்டோம். கடவுச்சொற்களை எழுதி வைத்த கோப்பு கிடக்கும், வாடிக்கையாளர் பட்டியல் கிடக்கும். 'ராஜினாமா கடைசி, திருத்தியது, இதுதான் கடைசி' என்ற பெயரில் ஒன்று ஒரு வாரம் கிடந்தது. எழுதியவர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார்.

காலை ஒன்பது மணிக்கு அக்கா அந்த ஃபோல்டரின் பட்டியலை எடுப்பார். பெயர், அளவு, தேதி. இவை மூன்றைத்தான் பார்ப்பார். பூட்டாத கோப்பு கண்ணில் பட்டால் எழுந்து வந்து நம் மேசை அருகே நிற்பார். "பூட்டு." அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் திறந்து பார்த்ததில்லை. எந்தக் கதவையும் திறக்கிற அதிகாரம் அவரிடம் இருந்தது. ஒருமுறை நான் சீண்டினேன். "போரடிக்கும்போது ஒண்ணு ரெண்டு படிக்கலாமே அக்கா?"

"படிச்சா அப்புறம் உங்க மூஞ்சியெல்லாம் எப்படிப் பாக்குறது?" என்றார்.

இவ்வளவு கறாரானவர் போட்ட ஓட்டை ஒன்றும் அங்கே இருந்தது. ஒரு பரிசோதனைக்கூடம் எங்கள் வாடிக்கையாளர். அவர்களின் நோயாளி அறிக்கைகள் எங்கள் சர்வரில்தான் தயாராகும். தயாரானதும் டெம்ப்புக்குள் ஓர் உள் ஃபோல்டரில், நோயாளியின் பெயரோடு காத்திருக்கும். பரிசோதனைக்கூடத்து டாக்டர் கையெழுத்திட்டதும் நோயாளிக்குப் போய்விடும், இங்கிருந்து அழிந்துவிடும். பத்து நிமிடக் காத்திருப்பு. ஒன்பது வருடத்துக்கு முன்பு, இதைத் தொடங்கிய நாளில், அச்சிடும் நிரல் அந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் முரண்டு பிடித்தது. வாடிக்கையாளர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். அக்கா பூட்டைக் கழற்றி, யாரும் படிக்கலாம் என்று விட்டார். பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று ஒரு குறிப்பும் எழுதினார்.

சரிசெய்ய நேரம் கேட்டு மேனேஜருக்கு மூன்று தடவை மெயில் போட்டார். மேனேஜர் எதற்கும் முடியாது என்று சொல்கிற மனிதர் இல்லை. அடுத்த மாதம் என்பார். நான்காவது தடவை அக்கா கேட்கவில்லை. காலைப் பட்டியலில் அந்த உள் ஃபோல்டர் மட்டும் வராதபடி செய்துவிட்டார். அலுத்துப்போனால் நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் அவர் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அலுவலகக் காப்பீட்டில் அதே பரிசோதனைக்கூடம். சதை எடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு நாளில்தான் அங்கே கையெழுத்துப் போடுகிற டாக்டர் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அறிக்கைகள் அழியாமல் குவிந்தன.

சர்வரில் இடம் நிறைகிறதா என்று கவனிப்பது என் வேலை. எது அடைக்கிறது என்று தேடிப் போனேன். வரிசையாகப் பெயர்கள், நடுவில் அக்காவின் பெயர். இந்த ஊரில் இன்னொருத்திக்கு இருக்க முடியாத பெயர் அது. தாண்டிப் போயிருக்கலாம். திறந்தேன். அக்கறையில் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். படித்து முடித்ததும் மூடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் மூன்றாம் நாள் அக்கா திரும்பி வந்தபோது அலுவலகமே மாறியிருந்தது. அவர் இடத்தில் புது நாற்காலி, நான்கு சக்கரமும் சுழன்றது. ஜன்னலோரத்துக்காக ஆறு மாதம் சண்டை போட்ட பெண், தானே வந்து "நீங்க இங்க உக்காருங்க அக்கா, காத்து வரும்" என்றாள். ராஜினாமாக்காரர் அவர் பையை வாங்கிச் சுமந்தார். அக்கா கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்க முடியாமல் தேநீர் நேரத்தில் நான் மாடிப்படிக்குப் போய் நின்றேன்.

அவர் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தினமும் நான்கு மணிக்கு போன் செய்வார். "வந்துச்சா?" என்பது எங்கள் எல்லோருக்கும் கேட்கும். "இன்னும் வரலீங்க. வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான்." அந்த ஒரு வரியைச் சொல்லும்போது நாங்கள் எல்லோரும் கீபோர்டைப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வந்தார். "எவ்வளவு நாள் லீவு வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா. கேக்கக்கூட வேணாம்."

அவர் போனதும் அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று வருடமாகக் கேட்டும் கிடைக்காத லீவு அது. தன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அந்த உள் ஃபோல்டரைத்தான் திறந்தார் என்று பிறகு தெரிந்தது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும். அந்தப் பதிவு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதையும் பார்த்தார்.

பிறகு வேலையில் இறங்கினார். அத்தனை அறிக்கைகளுக்கும் பூட்டுப் போட்டார், இனி வருகிறவற்றுக்கும் சேர்த்து. அச்சிடும் நிரல் உடனே நின்றது. பரிசோதனைக்கூடத்திலிருந்து போன். "நின்னா நிக்கட்டும் சார். திங்கக்கிழமை வேற வழி பண்றேன்" என்று வைத்துவிட்டார். மொத்தம் பதினோரு நிமிடம். ஒன்பது வருடமாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போன வேலை.

அப்புறம் எழுந்து வந்து என் மேசை அருகே நின்றார். பூட்டு என்று சொல்லப்போகிறார் என்றுதான் என் மனம் நினைத்தது.

"ஏழு பேரு" என்றார், தாழ்ந்த குரலில். "நீயும்."

"தப்புதான்க்கா."

"நான் போட்ட ஓட்டை. என்னோடதும் அது வழியாத்தான் போகும்னு தெரியும். பத்து நிமிஷம்தானேன்னு விட்டுட்டேன்." பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மத்தவங்க எல்லாம் படிச்சிட்டு என்னைத் தாங்குறாங்க. நீ ஒருத்தன்தான் ஓடி ஒளியுற. அதனால உன்கிட்ட கேக்குறேன். என்ன போட்டிருக்கு?"

"நீங்களே திறந்து பாருங்கக்கா. உங்களோடதுதானே."

"தனியாப் படிக்க பயமா இருக்குடா."

அவர் யாரையும் டா போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"நல்ல கட்டி இல்லக்கா. ஒன்றரை சென்டிமீட்டர்னு போட்டிருக்கு."

ஆள்காட்டி விரல் நுனியில் கட்டைவிரலை வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் எவ்வளவு என்று அளந்து பார்த்தார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு உட்கார்ந்தவர் மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

மணி நான்கு. அவர் போன் அடித்தது. அக்கா எங்கள் ஏழு பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"வந்துருச்சுங்க" என்றார். "இப்பதான் வந்துச்சு. இன்னும் யாருக்கும் தெரியாது, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."