செண்பகம் அக்கா கேட்ட வசதி

திண்டிவனத்தில் எங்கள் கடைத்தெருவுக்கு வருகிற பெண்களில் செண்பகம் அக்காவுக்குத் தெரியாதவர்கள் குறைவு. அக்காவின் வாய்க்குப் பயப்படாத ஆண்கள் அதைவிடக் குறைவு. வளையல், பொட்டு, கிளிப்பு விற்கும் ஃபேன்சி ஸ்டோர் அவருடையது. ஓமந்தூர்க்காரர். கணவர் போன பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். பக்கத்துப் பாத்திரக்கடை என்னுடையது, என் பெயர் நடராசன். எனக்கும் முன்கோபம் உண்டுதான், ஆனால் அக்காவின் கோபத்துக்கு முன்னால் அது வெறும் ஊசிப்பட்டாசு.

பைபாஸ் வந்தது, தெரு படுத்துவிட்டது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போகிற வேன்கள்கூட ஊருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அக்கா நிலைமை எங்களைவிட மோசம். "வர்ற அமாவாசை முடிஞ்சதும் கடையைக் காலி பண்ணிக்கிறேன்" என்று கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அக்கா அழுது நான் பார்த்ததே கிடையாது.

அந்த நேரம் பார்த்து, ஊர் வியாபாரம் வளர நகராட்சியில் ஒரு திட்டம் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கடைத்தெருவும் தனக்கு முக்கியமாக வேண்டியது ஒன்றே ஒன்றைக் கேட்கலாம். எங்கள் வணிகர் சங்கம் கூடியது. தலைவர் வெங்கடாசலம் பட்டுப்புடவைக் கடைக்காரர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"தெரு முனையில பெரிய ஆர்ச்சு. சுத்தி கலர் லைட்டு. பைபாஸ்ல போறவனுக்குக் கண்ணு கூசணும்!"

ஒரே கைதட்டல். மளிகைக்கடை மண்ணாங்கட்டி விசில்கூட அடித்தார்.

செண்பகம் அக்கா எழுந்தார். "ஆர்ச்சைப் பார்த்துட்டு அவன் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பான். பொம்பளைங்களுக்கு சுத்தமா ஒரு கக்கூஸ் கேளுங்க."

சிரித்தார்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாக்கா, வியாபாரத்தைப் பத்திப் பேசிக்கினு இருக்கோம், நீ எங்கயோ போறியே" என்றார் மண்ணாங்கட்டி.

"நானும் அதத்தான்யா பேசறேன்! மெட்ராஸ்ல வேன் ஏறினவ தண்ணிகூடக் குடிக்காம அடக்கிக்கினு வர்றா. அவளுக்கு வளையலா கண்ணுல படும்? இதே சங்கத்துக் கட்டடத்துல ரெண்டு கக்கூஸ் இருக்குது, பழைய பேனரை அடைச்சுப் பூட்டி வச்சிருக்கீங்க. அமாவாசை அன்னிக்கு ஒருநாள் தொறந்து வுடுங்க. கூட்டம் வரலைன்னா உங்க ஆர்ச்சையே கேளுங்க, நான் வாயே தொறக்கல."

"சங்கத்து மானம் இன்னா ஆவறது? சாவி தர முடியாது" என்று முடித்துவிட்டார் தலைவர்.

ஆனால் அமாவாசைக்கு முதல் நாள் காலையில் அக்கா கடைக்குச் சாவி வந்தது. கொண்டுவந்தவர் தலைவரின் மனைவி கோவிந்தம்மாள். பின்னாலேயே, செருப்புப் போடக்கூட மறந்து, தலைவர் ஓடி வந்தார்.

"கோவிந்தம்மா, சாவியைக் குடு!"

"மாட்டேன். நம்ம கடையில நான் புடவை எடுத்து எத்தினி வருஷம் ஆவுது? ஒவ்வொரு தரமும் பாண்டிச்சேரிக்கு ஓடறேனே, ஏன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

"டிசைன் புடிக்கலையோன்னு..."

"எனக்கு சுகரு. மணிக்கொரு தரம் போயாவணும். உங்க தெருவுல எங்கங்க போறது?"

ஏன் கூட்டம் வரவில்லை என்று நாங்கள் யார் யாரிடமோ கேட்டிருந்தோம், வீட்டுப் பெண்களிடம் மட்டும் கேட்கவில்லை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கத்துக் கட்டடத்துக்குள் போனார், பேனர்களைத் தானே தூக்கி வெளியே போட்டார். நான் கடையிலிருந்து புது வாளியும் கப்பும் கொடுத்தேன். மண்ணாங்கட்டி பினாயில் கொண்டுவந்தார். தாழ்ப்பாள், பல்பு எல்லாம் போட்டு, சாயங்காலம் பைபாஸ் திருப்பத்தில் போர்டும் வைத்தாயிற்று: 'பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. கட்டணம் இல்லை.'

மறுநாள் காலை வெகுநேரம் ஒரு வண்டியும் வரவில்லை. அக்கா வாசலிலேயே நின்றார், காபி வாங்கிக் கொடுத்தும் குடிக்கவில்லை. பிறகு ஒரு வேன் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. மத்தியானத்துக்குள் வேன் நிறுத்த இடமில்லை. கதவு திறந்ததும் ஓட்டமாக ஓடிய பெண்கள், "அப்பாடா" என்று முகம் தெளிந்து நிதானமாக நடந்து வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் கண்ணுக்குத் தெருவில் கடைகள் இருப்பதே தெரிந்தது. ஆண்கள் ஹாரன் அடித்து, "ஜல்தி வாங்க!" என்று கத்தினால், "இருய்யா, சும்மா பேஜாரு பண்ணாத" என்று பதில் வந்தது. எனக்குப் பொங்கல் பானையும் காமாட்சி விளக்கும் எடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோனது. அடடா, எவ்வளவு நாளாயிற்று அப்படி ஒரு சத்தம் கேட்டு!

கோவிந்தம்மாள் நாத்தனாரோடு வந்து, சொந்தப் புருஷன் கடையிலேயே பேரம் பேசிப் புடவை எடுத்தார். தலைவருக்கு வாயெல்லாம் பல். பில்லைப் போட்டுவிட்டு நேராகத் தெருமுனைக்குப் போய் நின்று, வருகிற வண்டியை எல்லாம் கையசைத்து அழைத்தார். "லேடீஸ் டாய்லெட் இந்தப் பக்கம்! சுத்தமா இருக்கும், தைரியமா வாங்கம்மா!" மண்ணாங்கட்டியைப் பார்த்து, "நகராட்சியில நாம கேக்கப்போறது இதத்தான்யா" என்றும் சொன்னார்.

பொழுது சாயும் நேரம் அக்காவின் வளையல் ஸ்டாண்டு காலியாகி இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"அம்மனுக்குப் பச்சை வளையல் வேணும்க்கா."

"தீர்ந்துபோச்சேம்மா."

"பரவால்ல. மாசாமாசம் இந்த வழியாத்தான் போறோம். அடுத்த அமாவாசைக்கு ரெண்டு டஜன் எடுத்து வையுங்க."

அக்கா குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"எடுத்து வைக்கிறேன் கண்ணு. நீ மறக்காம வந்து எறங்கு."

அவள் வேனில் ஏறும்வரை பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா பார்த்துக்கினு நிக்கற? கட்டடக்காரருக்கு ஃபோனைப் போடு. செண்பகம் கடை காலி ஆவலையாம்னு சொல்லு!"